காப்பர்-டியா, ஊசியா, மாத்திரையா, ஆபரேஷனா? ஏழாம் மாதத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு

"முதல் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது. நர்சம்மா காப்பர்-டி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். மாமியார், பால் கொடுக்கிறவரைக்கும் ஒன்றும் தங்காது, சும்மா இரு என்கிறார். அக்கா, கருத்தடை ஊசி போட்டதிலிருந்து தூரமே (மாதவிலக்கே) வரவில்லை என்று பயப்படுகிறாள். நான் யார் பேச்சைக் கேட்பது?"

மன்னார்குடிப் பக்கமிருந்தும் பாபநாசத்திலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் வார்த்தை கொஞ்சம் மாறி இதே கேள்விதான் வருகிறது. மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே தங்கள் உடம்பை வைத்துத்தான் பேசுகிறார்கள். உங்கள் உடம்பும் உங்கள் வீட்டு நிலவரமும் வேறு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99-க்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அது நல்ல விஷயம். ஆனால் அதனாலேயே கருத்தடை பற்றிய கேள்வியும் பிரசவ வார்டில், இடுப்பு வலிக்கு நடுவே வந்து நிற்கிறது. வலியில் இருப்பவரிடம் வாங்கும் "சரி" சம்மதம் ஆகாது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குக் கிளம்பும் முன்பே, ஏழாம் மாதத்தில், நிதானமாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய காரியம் இது. அதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் உங்களை நீங்களே கேட்க வேண்டியவை

அடுத்த குழந்தை எப்போது வேண்டும் என்பது முதல் கேள்வி. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே குறைந்தது 24 மாதம் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் முக்கியம். தையல் போட்ட கர்ப்பப்பை தேற நேரம் வேண்டும்; சீக்கிரமே மறுபடி கரு தங்கினால் அந்த இடம் விட்டுப்போகும் ஆபத்து கூடுகிறது. தமிழ்நாட்டில் 100-க்கு 45 போலப் பிரசவங்கள் சிசேரியன்தான் என்பதால் இது நிறையப் பேருக்குப் பொருந்தும்.

இரண்டாவது, உங்கள் ரத்தம். ஹீமோகுளோபின் எவ்வளவு, வழக்கமாகவே தூரத்தின்போது போக்கு அதிகமா? மூன்றாவது, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா? நான்காவது, வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறாரா, சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறாரா? ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நம் ஊரில் இதுதான் பல பேரைக் கவிழ்க்கிறது: அடுத்த ஆறு மாதம் நீங்கள் எந்த ஊரில் இருப்பீர்கள்? தாய்வீட்டிலா, புகுந்த வீட்டிலா, நடவு வேலைக்குத் திரும்பிவிடுவீர்களா?

கடைசியாக, வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டிய நிலையா? அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வழி இருக்கிறது.

பால் கொடுத்தால் தங்காது என்பது எவ்வளவு தூரம் உண்மை

மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து இருந்தால் மட்டும் உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக்கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், புட்டிப்பால், செரிலாக் எதுவும் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு தூரம் வந்திருக்கக்கூடாது. மூன்றும் இருந்தால் 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

"இன்னும் தூரமே வரலையே" என்று இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருமுட்டை முதலில் வெளிவரும், தூரம் அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே ஒரு தடவைகூட தூரம் ஆகாமலே மறுபடி கரு தங்கலாம்.

காப்பர்-டி

கர்ப்பப்பைக்குள் வைக்கும் சிறு செம்புக் கருவி இது. அரசு மருத்துவமனைகளில் இரண்டு வகை இலவசம். 380ஏ என்பது 10 வருடம், 375 என்பது 5 வருடம். பிரசவமாகி நஞ்சு விழுந்த உடனே வைக்கலாம், 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம், சிசேரியனின்போதே வைக்கலாம். அந்த 48 மணி நேரம் தாண்டினால் ஆறு வாரம் கழித்துத்தான். ஒருமுறை வைத்துவிட்டால் தினமும் நினைவு வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே தவறுகிறது. ஹார்மோன் கிடையாது, பால் குறையாது. எடுத்த மாதமே கரு தங்கலாம். முதல் குழந்தைக்குப் பிறகு மூன்று வருட இடைவெளி நிச்சயமாக வேண்டும் என்பவர்களுக்கு என் கணக்கில் இதுதான் முதல் தேர்வு.

மறைந்திருக்கும் செலவு எது என்றால் ரத்தம். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை போக்கும் வயிற்றுவலியும் கூடுதலாக இருக்கும். பிறகு பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். ஆனால் குறுவை நடவுக்கு நாள் முழுக்கக் குனிந்து சேற்றில் நிற்கும் பெண்ணுக்கு, சுற்றிலும் கழிப்பறையே இல்லாத வயலில், அந்த மூன்று மாதம் லேசானதல்ல. ரத்தசோகை இருந்தாலும் காப்பர்-டி போடலாம்தான், தடை இல்லை. ஆனாலும் ஏற்கெனவே போக்கு அதிகம் உள்ளவர்கள் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், அல்லது வேறு முறை பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பிரசவம் ஆன உடனே வைத்தது தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு, ஆறு வாரம் கழித்து வைத்ததைவிட அதிகம். ஆறாவது வாரம் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். சிசேரியனில் வைத்தால் கருவியின் நுனியில் தொங்கும் நூல் கீழே தெரியாமல் இருக்கலாம், ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம். காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற பயம் மட்டும் வேண்டாம். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது. வைக்கும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது மிக அரிதாக நடக்கலாம், அதற்கு அறிகுறி கடுமையான வயிற்றுவலி.

வசதி இருந்தால், போக்கு அதிகம் உள்ளவர்களுக்குத் தனியார் மருத்துவமனைகளில் ஹார்மோன் கலந்த கருவி கிடைக்கிறது. அது போக்கைக் குறைக்கும். ஆனால் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

அந்தரா ஊசி

இது ஹார்மோன் கருத்தடை ஊசி. மூன்று மாதத்துக்கு ஒன்று. கையிலோ இடுப்பிலோ போடுவார்கள். பால் கொடுக்கும் தாய் ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். போட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது. வீட்டில் மாத்திரை அட்டை கிடக்காது, நூல் இருக்காது. யாருக்கும் தெரியக்கூடாது என்ற நிலையில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

அக்கா பயந்தது இதைப் பார்த்துத்தான்: முதலில் அவ்வப்போது சொட்டுச்சொட்டாகப் போக்கு, பிறகு தூரமே நின்றுபோவது. ஒரு வருடம் போட்டவர்களில் பாதிப் பேருக்கு இப்படி நிற்கிறது. கெட்ட ரத்தம் உள்ளே தேங்குகிறது என்பது தவறு. கர்ப்பப்பையின் உள்சவ்வு வளராததால் வெளியேற ஒன்றுமில்லை, அவ்வளவுதான். ரத்தசோகை உள்ளவருக்கு இது லாபம்கூட. சிலருக்கு எடை கூடும். எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும், நிறுத்தினால் திரும்பும்.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. நிறுத்திய பின் கரு தங்கச் சராசரியாகக் கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகும். வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒரு மாதம் வருகிறவர், அடுத்த விடுப்பில் குழந்தைக்குப் பார்க்கலாம் என்று நினைக்கிறீர்கள் என்றால் இந்தக் கணக்கைத் தவறவிடாதீர்கள். விடுப்புக்கு நான்கு மாதம் முன்பு கடைசி ஊசி போட்டிருந்தால் அந்த விடுப்பு பெரும்பாலும் வீணாகும், அதற்கு அடுத்ததுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டிவரும்.

அப்புறம் அந்த ஊர் மாறும் விஷயம். முதல் ஊசி தாய்வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டிருப்பீர்கள். இரண்டாவது ஊசி வரும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்கு வந்திருப்பீர்கள். அங்குள்ள நர்சம்மாவுக்கு உங்களைத் தெரியாது. அந்தரா அட்டையைக் கையோடு எடுத்துவாருங்கள், ஊர் மாறும் முன்பே அடுத்த தேதியைக் கேட்டு வையுங்கள். தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாகவும் போடலாம், நான்கு வாரம் வரை தாமதமாகவும் போடலாம். அதற்கு மேல் போனால் பாதுகாப்பு இல்லை.

ரத்த அழுத்தம் மிக அதிகம் உள்ளவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு இது வேண்டாம். முதல் ஊசிக்கு முன் மருத்துவர் பார்க்க வேண்டும்.

சாயா மாத்திரை, மாலா-என் மாத்திரை

இரண்டும் இலவச மாத்திரைகள் என்பதால் ஒன்றுபோலத் தோன்றும். அப்படி இல்லை.

சாயாவில் ஹார்மோன் கிடையாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது; கடைகளில் சஹேலி என்ற பெயரில் விற்பதும் இதுவே. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. பிரசவமானதும் தொடங்கலாம், பாலுக்குக் கெடுதல் இல்லை. நிறுத்தினால் கருத்தரிப்பு சீக்கிரம் திரும்பும். சிலருக்குத் தூரம் தள்ளிப்போகும். 15 நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். நீர்க்கட்டி உள்ளவர்கள், மஞ்சள்காமாலை வந்து போனவர்கள், காசநோய் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் எடுக்கக்கூடாது.

சாயாவின் பலவீனம் மறதி. தினமும் சாப்பிடுவது பழகிவிடும்; வாரம் ஒருமுறை என்பதுதான் நழுவும். ஞாயிறு, புதன் என்று கிழமையை முடிவுசெய்து காலண்டரில் குறியுங்கள். ஏழு நாள் தாண்டி மறந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து, வாரம் இரண்டு என்று தொடங்க வேண்டும். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையையும் கணக்கில் வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது எத்தனை நாள் வழி அடைபட்டுக் கிடந்தது என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். மழைக்கு முன்பே கூடுதல் அட்டை வாங்கி வைப்பது நல்லது.

மாலா-என் ஹார்மோன் மாத்திரை. 21 மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை, தினமும் ஒன்று. பால் கொடுப்பவர்கள் ஆறு மாதம் வரை எடுக்கக்கூடாது, பால் குறையும். ரத்த அழுத்தம், ரத்தம் உறையும் கோளாறு, பார்வை மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால் வேண்டாம். குழந்தை கொஞ்சம் வளர்ந்த பிறகு, தூரம் ஒழுங்காக வர வேண்டும் என்பவர்களுக்கு நல்லது.

ஆணுறை

வருடத்தில் ஒரு மாதம்தான் கணவர் ஊரில் இருப்பார் என்றால், மீதிப் பதினொரு மாதமும் உடம்புக்குள் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்பது நியாயம். அவர்களுக்கு நிரோத் போதும். பால்வினை நோயிலிருந்து காப்பதும் இது ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்கமாட்டார் என்று தெரிந்தால் இதை நம்பி இருக்காதீர்கள். கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

ஆபரேஷன்: உங்களுக்கா, அவருக்கா?

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். "ரெண்டு போதும், பண்ணிட்டு வந்துடு" என்பது நம் பக்கம் வழக்கமான பேச்சு. பிரசவமான ஏழு நாளுக்குள்ளோ, சிசேரியனோடு சேர்த்தோ, ஆறு வாரம் கழித்தோ செய்வார்கள். 22 வயது முடிந்திருக்க வேண்டும், ஒரு குழந்தையாவது ஒரு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். சிசேரியனோடு செய்தால் தனிக் காயம் இல்லை. தனியாகச் செய்துகொள்வதானால் சம்பா அறுவடை முடிந்த பங்குனி, சித்திரை நல்ல காலம். இரண்டு வாரமாவது கனமான வேலை கூடாது, நடவு நேரத்தில் அது கிடைக்காது.

இது நிரந்தரம் என்பதைத் தெரிந்தே செய்துகொள்ளுங்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையில் குழந்தைகளைப் பறிகொடுத்த நாகப்பட்டினக் கடற்கரைத் தாய்மார்களில் பலர் முன்பே இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். குழாயை மறுபடி இணைக்க அரசு உதவியது. சிலருக்குக் கரு தங்கியது, சிலருக்குத் தங்கவில்லை. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில் இருக்கும் பெண் கைக்குழந்தையோடு இந்த முடிவை அவசரமாக எடுக்க வேண்டியதில்லை. 10 வருடக் காப்பர்-டி ஏறத்தாழ அதே பாதுகாப்பைத் தருகிறது, மனம் மாறினால் எடுத்துவிடலாம்.

சரி, குழந்தை போதும் என்று இருவரும் உறுதியாகிவிட்டால் ஆபரேஷன் யாருக்கு? மருத்துவக் கணக்கில் பதில் தெளிவானது. ஆண்களுக்கான தழும்பில்லா வாசெக்டமியில் வயிற்றைத் திறப்பதில்லை, தையல் இல்லை, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி, அன்றே வீட்டுக்கு வரலாம். ஒரு வாரம் பாரம் தூக்காமல், சைக்கிள் மிதிக்காமல் இருந்தால் போதும். ஆண்மை குறையாது, உழைக்கும் தெம்பு குறையாது. விந்து வரும், அதில் அணு மட்டும் இருக்காது. கவனிக்க வேண்டியது ஒன்றே: மூன்று மாதம் வரை வேறு முறை வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். இரண்டு பிரசவம் தாங்கிய உடம்பையே மறுபடி மேசையில் படுக்கவைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஏழாம் மாதப் பேச்சில் கணவரையும் உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்.

ஒரே பார்வையில்

| முறை | எவ்வளவு காலம் | தாய்ப்பாலோடு | நிறுத்திய பின் கருத்தரிப்பு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| காப்பர்-டி | 5 அல்லது 10 வருடம் | பிரசவம் ஆனதும் | உடனே | முதல் மாதங்களில் போக்கு, வலி |
| அந்தரா | 3 மாதம் | 6 வாரத்துக்குப் பின் | 7 முதல் 10 மாதம் | தூரம் நிற்கும், தேதி தவறக்கூடாது |
| சாயா | வாரம் 1 (முதல் 3 மாதம் வாரம் 2) | பிரசவம் ஆனதும் | சீக்கிரம் | மறதி, தூரம் தள்ளும் |
| மாலா-என் | தினமும் | 6 மாதத்துக்குப் பின் | சீக்கிரம் | ரத்த அழுத்தம், தலைவலி |
| நிரோத் | ஒவ்வொரு முறையும் | எப்போதும் | உடனே | அவர் ஒத்துழைப்பு |
| பெண் ஆபரேஷன் | நிரந்தரம் | 7 நாளுக்குள் அல்லது 6 வாரத்துக்குப் பின் | உறுதியில்லை | ஓய்வு வேண்டும் |
| ஆண் ஆபரேஷன் | நிரந்தரம் | தொடர்பில்லை | உறுதியில்லை | 3 மாதம் வேறு முறை |

வார்டில் உங்கள் உரிமை

எந்த முறைக்கும் உங்கள் சம்மதம் போதும், அது இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது. ஆபரேஷனுக்குக்கூட கணவர் கையெழுத்து கட்டாயம் என்று விதி இல்லை. தனக்குச் சொல்லாமலே காப்பர்-டி வைத்துவிட்டார்கள் என்று பல மாதம் கழித்துத் தெரிந்துகொண்ட பெண்கள் இருக்கிறார்கள். நினைக்கவே வேதனையாக இருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் அட்டையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், புரியாவிட்டால் கேளுங்கள். வைத்திருந்தால் எந்த வகை, எந்தத் தேதி என்று எழுதச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் எந்த நாளிலும் எடுக்கச் சொல்லலாம். "இன்னும் வருஷம் இருக்கே" என்று திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை.

ஆபரேஷன் செய்துகொண்டால் சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அரிதாகத் தவறிக் கரு தங்கினால் அரசிடம் இழப்பீடு கேட்க அது வேண்டும்.

தவறிப்போனால்

எந்த முறையும் நூற்றுக்கு நூறு இல்லை. கருத்தடை தவறித் தங்கிய கருவைக் கலைக்க 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் 2021 திருத்தமும் வழி தருகின்றன. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்துப் போதும். 18 வயது முடிந்திருந்தால் உங்கள் சம்மதம் மட்டுமே வேண்டும். உங்கள் பெயரை மருத்துவமனை வெளியே சொல்லக்கூடாது. தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் மகப்பேறு மருத்துவர்கள் இருக்கிறார்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். குறிப்பாகக் காப்பர்-டி வைத்திருக்கும்போதோ ஆபரேஷனுக்குப் பிறகோ கரு தங்கினால் அது கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். அதற்கு அந்த மாத்திரை வேலை செய்யாது. தூரம் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையான வலியும் மயக்கமும் வந்தால் இரவானாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எந்தக் கருத்தடை முறையில் இருக்கிறீர்கள் என்பதை ஆம்புலன்ஸில் ஏறியதும் முதலில் சொல்லுங்கள்.